பின்னால் போக நாலடி

டிஜிட்டல் கேமரா வாங்க அலைந்த அலைச்சலை நினைத்தால் இப்போதும் எனக்கு முழங்கால் வலிக்கிறது. காளிகாட் மெட்ரோவில் இறங்குகிற படி, எஸ்பிளனேடில் ஏறுகிற படி, அப்புறம் தர்மதலாப் பக்கத்துச் சந்தில் ஒவ்வொரு கேமராக் கடைக்கு முன்னாலும் உள்ள அந்த உயரமான ஒற்றைப் படி. ஒரு கடையிலும் உட்காரச் சொல்லமாட்டார்கள். நான் துணியில் சுற்றி வைத்திருந்த லென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தால், "யாருக்கு மாஷிமா, மகனுக்கா?" என்பார்கள். மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா மாதிரி. எனக்குத்தான் என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனது.

என் பழைய ஃபிலிம் கேமராவும் இரண்டு லென்ஸும் எங்கள் வீட்டுக்கு வந்த கதை சின்னது. என் வீட்டுக்காரர் துறைமுக ஆபீசில் குமாஸ்தா. கப்பல்காரன் ஒருவன் ஊருக்குப் போகும் அவசரத்தில் விற்றதை, கிதர்பூரில் ஆசைப்பட்டு வாங்கிவந்தார். ஹவுரா பாலத்தை ஒரு ரோல் எடுத்தார். எல்லாம் கோணல். அதோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். நான் எடுத்துப் பழகினேன். எனக்கு மூன்றாம் கிளாஸ் படிப்புதான். இதைக்கூட எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் லென்ஸின் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும், திருகினால் டக் டக் என்று நிற்கும். வெளிச்சம் எவ்வளவு உள்ளே போகலாம் என்று சொல்கிற வளையம் அது. அதில் எழுதியிருக்கிற நம்பரை நான் பார்த்ததே இல்லை. முழுக்கத் திறந்துவிட்டு, அங்கிருந்து எத்தனை டக் என்று விரலால் எண்ணுவேன். காலை பத்து மணி ஜன்னல் வெளிச்சத்துக்கு இரண்டு டக். மழை மூட்டம் என்றால் ஒன்று. இருபது வருஷத்தில் அந்தக் கணக்கு என்னை ஏமாற்றியதில்லை.

நான் எடுத்தது எல்லாம் பெண் போட்டோ. ஜாதகத்தோடு ஊருக்கு அனுப்ப வேண்டிய போட்டோ. கல்கத்தாவில் துறைமுகம், ரயில்வே, கணக்கு ஆபீஸ் என்று வேலைக்கு வந்து தங்கிய நம் ஆட்கள் வீட்டில் பெண் வயசுக்கு வந்து படித்து முடித்தால், திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ மூன்று போட்டோ போகவேண்டும். முகம் ஒன்று, உட்கார்ந்தபடி ஒன்று, நின்றபடி முழுசாக ஒன்று. பவானிபூரில் ஒரு ஸ்டூடியோக்காரர் நம் பெண் ஒருத்தியின் போட்டோவை யாரையும் கேட்காமல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டிவிட்டார். அவள் அப்பா ஒரு மாசம் அந்தத் தெரு வழியாகவே போகவில்லை. அதிலிருந்துதான் அம்மாக்கள் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுத்தான் எடுப்பேன். பிரிண்டோடு நெகட்டிவையும் அம்மா கையில் கொடுத்துவிடுவேன். என்னிடம் ஒன்றும் மிஞ்சாது. அந்தச் சாத்திய கதவுக்காகத்தான் அவர்கள் டம்டம்மிலிருந்தும் ஹவுராவிலிருந்தும் இரண்டு பஸ் மாறி வந்தார்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

எங்கள் முன்னறை பதினோரு அடி நீளம். பெண் ஒரு சுவரை விட்டு ஓர் அடி தள்ளி நிற்பாள். நான் எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டி நிற்பேன். நடுவில் ஒன்பது அடி. ஜன்னலில் அவருடைய எட்டு முழ வேட்டியைக் கட்டிவிட்டால் வெளிச்சம் முகத்தில் பால் மாதிரி விழும். ஐம்பது என்று நம்பர் போட்ட சின்ன லென்ஸில் தலை முதல் கால்விரல் வரை அடங்கும். முகத்துக்கு மட்டும் நீளமான லென்ஸ். இதற்கு மேல் எனக்கு வித்தை தெரியாது, தேவைப்படவும் இல்லை.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் ஆனபிறகு எல்லாம் தொல்லையாகிவிட்டது. ரோல் கழுவிக் கொடுக்கும் பவானிபூர் கலர் லேபில், "வாரம் ஒருநாள்தான் மெஷின் ஓட்டறோம் மாஷிமா, ஆளே வரதில்லை" என்றார்கள். வாரம் ஒருநாள் ஓடும் மெஷினில் வந்த பிரிண்டில் பெண்களெல்லாம் காமாலை வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். ஓர் அம்மா போட்டோவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பையில் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பெங்களூரில் இருக்கும் மகன், சோப்புப் பெட்டி அளவில் ஒரு கேமரா அனுப்பினான். "அமுக்கினா போதும்மா, எல்லாம் அதுவே பாத்துக்கும்" என்றான் போனில்.

"எல்லாம் அதுவே பாத்துக்கிட்டா நான் எதுக்குடா?" என்றேன்.

அதில் வளையம் இல்லை. பின்னால் ஒரு சின்னத் திரை, அதில் எறும்பு ஊர்கிற மாதிரி இங்கிலீஷ். எனக்கு அப்போதுதான் வலது கண்ணில் புரை எடுத்திருந்தது. எடுக்காவிட்டாலும் இங்கிலீஷ் எனக்கு இங்கிலீஷ்தான். அவர் அதை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்ப் புறா பிடித்தார். கேமராவில்தான்.

ஆகவே எனக்கு வேண்டியது இதுதான்: டிஜிட்டலாக இருக்கவேண்டும், என் லென்ஸ் அதில் மாட்டவேண்டும், வளையம் என் விரலுக்கு அடங்கவேண்டும். இதைச் சொல்ல நாலு வார்த்தை. கிடைக்க மூன்று மாசம்.

முதல் கடைக்காரர் கண்ணாடி போட்ட வங்காளி, என் வயசுக்குப் பத்து குறைந்தவர். என் லென்ஸ் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனியின் டிஜிட்டல் கேமராவை எடுத்து மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கு மனசு குளிர்ந்தது. அவர் பொத்தானை அமுக்கினார். அசையவில்லை. மேலே உள்ள சின்னக் கட்டத்தில் ஏதோ எழுத்து மின்னியது. "ஹோபே நா, மாஷிமா" என்றார். நடக்காது என்று அர்த்தம். "மாட்டும். வேலை செய்யாது. புது லென்ஸ் வாங்கிக்குங்க." புது லென்ஸைக் காட்டினார். வழவழவென்று இருந்தது, வளையமே இல்லை.

இரண்டாவது கடையில் வேறு கம்பெனி கேமரா. நடுவில் ஒரு தகடு வைத்து என் லென்ஸை மாட்டினார்கள். வேலை செய்தது. ஆனால் வளையத்தைத் திருகத் திருக உள்ளே இருட்டிக்கொண்டே வந்தது. மூன்றாவது டக்கில் எதிரே நின்ற ஆளின் மூக்கு எது கன்னம் எது என்று தெரியவில்லை. இருட்டில் குத்துமதிப்பாக எடுக்கவா நான் இத்தனை தூரம் வந்தேன் என்று துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இப்படி ஆறேழு கடை. சிலர் லென்ஸைத் தொடவே இல்லை. ஒருவர் இதை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து காலில் தைலம் தேய்க்கும்போது என் வீட்டுக்காரர், "ஏட்டி, அந்தப் பிள்ளைகளுக்கு உன்னை விட்டா ஆளே இல்லையா?" என்பார்.

"இல்லை" என்பேன்.

அவர் தைலப் புட்டியை மூடி வைத்துவிடுவார். என்னைத் தெரியும்.

கடைசியில் முதல் கடைக்கே திரும்பப் போனேன். நம்பிக்கையில் இல்லை, மற்ற கடைகளின் படி அதைவிட உயரம். அந்தக் கண்ணாடிக்காரர் அன்று என்ன நினைத்தாரோ, ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார்ந்து, மூச்சு வாங்கி, வங்காளியில் கேட்டேன்: "எப்படித்தான் வைத்தாலும் நடக்காதா?"

"ஒரு வழி இருக்கு" என்றார் அலுப்போடு. "எல்லாத்தையும் கையால வெச்சுக்கிட்டா பொத்தான் அமுங்கும். ஆனா உள்ள மீட்டர் செத்துப்போகும். வெளிச்சம் எவ்வளவுன்னு கேமரா சொல்லாது. மீட்டர் இல்லாம யாரால எடுக்க முடியும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் கேமராவில் மீட்டருக்குப் போடற பேட்டரி தீர்ந்து பதினைந்து வருஷம் ஆச்சு. மாற்றவே இல்லை."

"இத்தனை வருஷமா எப்படி எடுத்தீங்க?"

விரலைக் காட்டினேன். டக், டக்.

அவர் என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். பிறகு சக்கரத்தைத் திருப்பி, கையால் வைக்கிற இடத்தில் நிறுத்தினார். பொத்தான் அமுங்கியது. மற்ற நம்பர்களை எங்கே வைக்கவேண்டும் என்றார். என் பழைய கேமராவில் ஷட்டர் வேகத்தை அறுபதில் வைத்ததை நான் அசைத்ததே இல்லை, அதையே வைக்கச் சொன்னேன். ஃபிலிம் வேகத்துக்கு நானூறு. வைத்தபிறகு, இனி எதுவும் தானாகத் திரும்பக்கூடாது என்று மருந்துக் கடையில் பிளாஸ்திரி வாங்கிவரச் சொல்லி எல்லாத் திருகின்மேலும் ஒட்டவைத்தேன். சரியாகத் தெரிகிற இடம் வந்தால் உள்ளே ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும் என்று சொல்லிக்கொடுத்தார். அதற்கு எழுத்து தெரியவேண்டாம்.

கடையிலிருந்தே அவர் முகத்தை எடுத்தேன். சந்தில் எதிரே நின்ற கொய்யாப்பழக்காரரை நிற்கவைத்து முழுசாக எடுத்தேன். இரண்டும் அருமையாக வந்தன. எல்லாம் பழையதைவிடப் பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. புரை எடுத்த கண் இல்லையா, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். கொய்யாப்பழக்காரரைக் காலோடு எடுக்க நான் எவ்வளவு பின்னால் போனேன் என்பது என் நினைவில் நிற்கவில்லை. சந்தில் பின்னால் சுவர் இல்லை.

வீட்டில் பெட்டியைத் திறந்து பிளாஸ்திரியைப் பார்த்த என் வீட்டுக்காரர் கேட்டார்: "என்னட்டி, வாங்கின அன்னைக்கே காயமா?"

முதல் போட்டோ எடுக்க வந்தது அவரோடு வேலை பார்த்தவரின் மனைவியும் மகளும். அம்மா என்னை மைனி என்பாள், அண்ணி என்கிற முறை. இருபது வருஷப் பழக்கம். அவள் அக்கா மகள்கள் இருவர் போட்டோவும் என் கையால் எடுத்ததுதான். இந்தப் பெண் சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தமிழைவிட வங்காளி நன்றாக வரும். நாகர்கோவில் பக்கத்து வரன் ஒன்று ஜாதகம் பொருந்தி, போட்டோ கேட்டிருந்தார்கள். முப்பது நெருங்குகிறது, இது தட்டிப்போகக்கூடாது என்று அம்மா வந்ததிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டாள்.

முகம் நன்றாக வந்தது. உட்கார்ந்ததும் வந்தது, அதில் கால் புடவைக்குள் மறைந்துவிடும். நின்றபடி எடுக்க, சின்ன லென்ஸை மாட்டி, சுவரில் முதுகை ஒட்டி, கண்ணை வைத்துப் பார்த்தேன். முழங்காலோடு படம் முடிந்துவிட்டது.

கேமராவைத் தாழ்த்தினேன், தலை போனது. உயர்த்தினேன், கால் போனது. குதிகாலால் சுவரை உதைத்துப் பார்த்தேன். சுவர் எங்கே நகரும்? டிஜிட்டலில் லென்ஸ் காட்டுகிற படத்தின் நடுப்பாகத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும், ஓரத்தை வெட்டிவிடும், ஃபிலிமுக்கு ஒன்பது அடி என்றால் இதற்குப் பதிமூன்று வேண்டும் என்று பிறகு கடைக்காரர் சொன்னார். அன்று எனக்கு அது தெரியாது. லென்ஸைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தேன்.

"என்ன மைனி?" என்றாள் அம்மா.

மூன்று மாசம் கடை கடையாக ஏறி வாங்கியது. எனக்கு ஒத்துவராது என்று சொன்னவர்கள் எல்லோரும் அந்த நிமிஷம் எதிரே வந்து நின்றார்கள். நான் சொன்னேன்: "இப்பல்லாம் முழங்கால் வரைக்கும்தான் எடுக்காங்க. கல்கத்தாவில இதுதான் நடப்பு."

"அப்படியா? மைனி சொன்னா சரி" என்றாள் அவள். அவர் உள்ளறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

பதினைந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மாவின் கண் வீங்கியிருந்தது. பையன் வீட்டில் அத்தைக்காரி போனில் கேட்டாளாம், மூன்று போட்டோவிலும் காலே இல்லையே, பிள்ளைக்குக் காலில் ஏதாவது குறையா, முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்று.

"எவ்வளவு கேவலமா கேக்காங்க பாருங்க மைனி! நான் விட்டுக்கொடுக்கலியே. எங்க மைனி இருபது வருசமா எடுக்கா, கல்கத்தாவில இப்ப இதான் நடப்பு, ஊர்ல இருக்கிற உங்களுக்கு என்ன தெரியும்னு நல்லா கொடுத்துட்டேன்."

பெண் வங்காளியும் தமிழுமாக, "ரெண்டு கால் இருக்குன்னு சர்டிஃபிகேட் வாங்கி அனுப்பட்டுமா அத்தை?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் தன் காலைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

அவள் அம்மா என்னைத் திட்ட வந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். எனக்காகச் சண்டை போட்டுவிட்டு வந்து நின்றாள். காபி போடுகிறேன் என்று அடுக்களைக்குப் போனேன். அவர் பின்னாலேயே வந்தார். பாலைப் பார்த்துக்கொண்டே, "நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?" என்றார் மெதுவாக.

நானே சொன்னேன். காபி கொடுக்குமுன் சொல்லிவிட்டேன். "நடப்பும் இல்லை, ஒண்ணும் இல்லை. இந்தக் கேமராவில கால் அடங்கலை. பின்னால போக இடமில்லை. முடியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன்."

அம்மா டம்ளரை வாங்கினாள், குடிக்கவில்லை. தெருவில் ரிக்‌ஷாக்காரரின் மணிச் சத்தம் கேட்டது. இருபது வருஷத்தில் அவள் என் காபியைக் குடிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"எத்தனை அடி பத்தலை?" என்று கேட்டாள் பெண்.

"நாலு இருக்கும்."

அவள் எழுந்துபோய், நான் முதுகை ஒட்டி நிற்கிற சுவரில் இருக்கும் வாசல் கதவின் தாழைத் தட்டித் திறந்தாள். வெளியே மாடிப்படி திரும்புகிற இடம், அகலமாக ஐந்தடி இருக்கும். "இங்கே நில்லுங்க அத்தை. நான் உள்ளே நிக்கிறேன்."

"கதவைத் திறந்து வெச்சா? மாடிக்காரங்க, கீழ் வீட்டுக்காரங்க, எல்லாரும் பாப்பாங்களே!" என்றாள் அம்மா. என் நெஞ்சிலும் அதுதான் ஓடியது. இருபது வருஷமாக நான் விற்றது அந்தச் சாத்திய கதவைத்தான். அதைத் திறந்துவிட்டால் என்னிடம் வருவதற்கு யாருக்கு என்ன காரணம்?

"மூணு போட்டோவையும் கதவை மூடிவெச்சு எடுத்துத்தானே கால் இல்லைன்னு பேர் வந்தது" என்றாள் பெண். அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பட்டுப்புடவை கட்டி, செருப்பில்லாமல் அவள் உள்ளே சுவரோரம் நின்றாள். நான் வெளியே போய், கைப்பிடிக் கம்பியில் முதுகைச் சாய்த்துப் பார்த்தேன். கால்விரல் பத்தும் அடங்கியது. வளையத்தைத் திருகினேன். அந்த நேரம் பார்த்து மாடி வீட்டு பௌதி மார்க்கெட்டிலிருந்து மீன் பையோடு ஏறிவந்தாள். பௌதி என்றால் அண்ணி. தெருவுக்கே அவள் பௌதி. வழியில் நான். மூச்சு இரைக்க நின்று எட்டிப்பார்த்தாள்.

"என்ன நடக்குது இங்கே? பெண்ணை எதுக்குச் சுவரில் நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. "மாப்பிள்ளை வீட்டில் காலைப் பார்க்கணுமாம்" என்றேன்.

"காலையா?" என்றாள் பௌதி. "நாங்க மீன் வாங்கினாகூடச் செவுளைத் திறந்து பார்ப்போம். வாலைக் காட்டுன்னு கேட்டா மீன்காரன் அடிக்க வருவான்."

பெண் சிரித்துவிட்டாள். பல் தெரிய, தோள் குலுங்க. பெண் போட்டோவில் பல் தெரியக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். என் விரல் அமுக்கிவிட்டது. அப்புறம் வாயை மூடச் சொல்லி இன்னும் இரண்டு எடுத்தேன். அம்மா வாசற்படியில் நின்று, பௌதிக்கு வழிவிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. ஆனால் சிரிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டாள்.

வாய் மூடிய போட்டோதான் நாகர்கோவிலுக்குப் போனது. கால் இருக்கிறது என்று அவர்களுக்குத் திருப்தி. பிறகு, பையனைவிடப் பெண் உயரமாகத் தெரிகிறாள் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அம்மா அதைப் போனில் சொன்னபோது என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "இனிமே முடியலைன்னா முடியலைன்னு சொல்லிருங்க மைனி" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒன்று எனக்குப் போதும் போதும் என்றிருந்தது.

கதவைத் திறந்து வைத்து எடுக்கிறாள் என்ற பேச்சு பரவியது. பாதிப்பேர் வருவதை நிறுத்தினார்கள். வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: முகத்துக்குக் கதவைச் சாத்தலாம், முழுசுக்குச் சாத்த முடியாது, இஷ்டம் இருந்தால் எடுக்கிறேன். சிலர் எழுந்துபோனார்கள். போகட்டும். எனக்கும் முன்னே மாதிரி மணிக்கணக்கில் நிற்க முடியவில்லை.

எட்டு மாசம் கழித்து அந்தப் பெண் தனியாக வந்தாள். அம்மா இல்லை. வேறு ஏதோ வரன். "மூணு வேண்டாம் அத்தை. முழுசா ஒண்ணு போதும்" என்றாள். தானே கதவைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே போய் நின்றாள்.

அன்று எனக்கு நிற்கவே முடியவில்லை. மேலே ஏறும் படியில், கீழிருந்து இரண்டாவதில், உட்கார்ந்துகொண்டேன். பார்த்தால் அவள் இன்னும் நெடுநெடுவென்று தெரிந்தாள்.

"உட்கார்ந்து எடுத்தா நீ இன்னும் உயரமாத்தான் தெரிவே. நாளைக்கு வா, கால் வலி குறைஞ்சதும் நின்னு எடுக்கிறேன்" என்றேன். இந்தத் தடவை மறைக்கவில்லை.

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "நாளைக்கு எனக்கு ஆபீஸ். தெரியட்டும் அத்தை. உயரம்தானே?"

எடுத்தேன்.